அப்பா கொடுக்கும் ரைட்

அப்பா டவுன் பஸ் கண்டக்டர். வீட்டிலும் பாதிப் பேச்சு 'ரைட்'தான்.

சோறு போதுமென்றால் ரைட். போனை வைக்கப் போகிறார் என்றால் ரைட். எனக்கும் தங்கைக்கும் சண்டை முற்றினால் அதட்டலாக ஒரு ரைட்.

நான் காதலிப்பவரைப் பற்றிச் சொன்னபோதும் அதையேதான் சொன்னார். சம்மதிக்கிறாரா, கிளம்பு என்கிறாரா என்று புரியவில்லை. கிளம்பிவிட்டேன். நான்கு வருடங்களாகப் பேச்சில்லை.

இன்று சேவூரில் ஒரு தோழியைப் பார்ப்பதற்காக ஆரணிக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் அவசரமாக ஏறிய பிறகுதான் தெரிந்தது, அது அப்பாவின் பஸ். இடுப்பில் என் இரண்டு வயது மகள்.

"எங்க போவணுங்க?" என்றார்.

அந்த 'ங்க' சுருக்கென்று தைத்தது. "சேவூர்" என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

சேவூரில் இறங்கினேன். ரோட்டைக் கடக்க விடாமல் லாரிகள் வந்துகொண்டே இருந்தன. பஸ் கிளம்பவில்லை.

"ஜல்தி ரைட் குடுங்க கண்டக்டரே, இன்னாத்துக்கு நிக்கிறோம்?" என்று உள்ளேயிருந்து ஒருவர் சலித்துக்கொண்டார்.

"இருய்யா. கொழந்த ரோடு தாண்டிகினு இருக்குது."

மகள் என் இடுப்பில்தான் இருந்தாள். தாண்டிக்கொண்டிருந்தது நான்.

எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்த பிறகுதான் படியில் நின்றபடி, "ரைட்" என்றார்.

இதற்கு என்ன அர்த்தமென்று கண்டக்டர் வீட்டுப் பிள்ளைகள் யாராவது சொல்லுங்கள். நாளைக்குச் சேவூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அதே பஸ்ஸில் போகலாமென்று இருக்கிறேன்.