கஞ்சி குடித்த குட்டியைத் தேடி உடவளவை வரை

யானை பார்க்க எனக்கு எந்த ஆசையும் இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாய்ந்தமருதில் இருப்பவன் யானை பார்க்க மாவட்டம் தாண்டிப் போக வேண்டியதில்லை. அந்தி நேரம் ஒலுவில் பக்கம் குப்பை கொட்டும் இடத்துக்குப் போனால் போதும், பொலித்தீன் பைகளைக் கிளறிக்கொண்டு வரிசையாக நிற்கும். அப்படியிருக்க, ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாரி எலும்பு ஒடிய உடவளவை வரை போய் வந்தேன் என்றால், அதற்குக் காரணம் என் மனைவியின் காக்கா, அதாவது அண்ணன், முஸ்தபா மச்சான்தான்.

மச்சானின் வீடு அக்கரைப்பற்றில். ஒலுவிலுக்கு மேற்கே உள்ள வட்டையில், அதாவது வயல்வெளியில், ஆறு ஏக்கர் வயல் செய்கிறார். போன நோன்பு மாதம், அறுவடைக்கு நின்ற வயலுக்குள் ஒரு யானைக் கூட்டம் இறங்கியது. காவலுக்கு நின்றவர்கள் வழக்கம்போல யானை வெடியைக் கொளுத்தி எறிந்தார்கள். முதல் வெடி மச்சான் எறிந்தது. கூட்டம் சிதறி ஓடியதில் ஒரு குட்டி பூவலுக்குள் விழுந்துவிட்டது. பூவல் என்றால் தண்ணீருக்காக வெட்டும் ஆள் உயரக் குழி. உள்ளே சேறு, குட்டியால் ஏற முடியவில்லை. விடியும்வரை தாய் யானை அந்தக் குழியைச் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டு, வெளிச்சம் வந்ததும் காட்டோரம் ஒதுங்கியது. வனசீவராசிகள் திணைக்கள ஆட்கள் வந்து சேர அன்று நோன்பு திறக்கும் நேரமும் கடந்துவிட்டது.

அதற்குள் நடந்ததுதான் கதை. பின்னேரம் பள்ளிவாசலிலிருந்து வட்டைக் காவல்காரர்களுக்கு வாளியில் நோன்புக் கஞ்சி வரும். அன்றும் வந்தது. குட்டி கத்திக்கொண்டே கிடந்தது, மச்சானுக்கு மனம் கேட்கவில்லை. கஞ்சியை நன்றாக ஆறவைத்து வாளியோடு கயிற்றில் கட்டி இறக்கிவிட்டார். தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, வெந்தயம், போதாததற்கு அன்று இறைச்சி போட்ட கஞ்சி. குட்டி வாயை வைத்துப் பாதி வாளியைக் குடித்துவிட்டதாம்.

வந்த அதிகாரிகள் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டபோது, ஏச்சு விழும் என்ற பயத்தில் மச்சான் தண்ணீர் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். குட்டியை லொறியில் ஏற்றி, தாயை இழந்த யானைக் குட்டிகளை வளர்க்கும் உடவளவைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். யானைக் குட்டிக்கு மாட்டுப்பாலே ஒத்துக்கொள்ளாது, வயிற்றால் போய்ச் செத்துவிடும் என்று அதற்குப் பிறகுதான் யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து மனுசனுக்கு நிம்மதி இல்லை. யானைக்கு இப்தார் கொடுத்தவர் என்று ஊரில் பகிடி பண்ணினால் கூடச் சேர்ந்து சிரிப்பார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, அது உசிரோடு இருக்குமா என்று தங்கச்சியைக் கேட்பார். கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வாருங்கள் என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

இன்னொன்றையும் மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தாய் யானை இப்போதும் இடைக்கிடை தனியே வந்து பூவலடியில் நின்றுவிட்டுப் போகிறதாம். நான் நம்பவில்லை. யானை நெல்லுக்கு வரும், வெறுங்குழிக்கா வரும் என்று அவர் முகத்துக்கு நேரேயே கேட்டிருக்கிறேன்.

சுபஹு தொழுதுவிட்டு ஐந்தேகாலுக்குப் புறப்பட்டோம். வானை ஓட்டியவன் எங்கள் தெருவைச் சேர்ந்த நிப்றாஸ். சிங்களம் நன்றாகக் கதைப்பான், அதனாலேயே அவனைப் பிடித்தேன். அக்கரைப்பற்றில் மச்சான் ஏறினார். கையில் இரண்டு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழம். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

பாதை இதுதான்: அக்கரைப்பற்று, பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, தனமல்வில, உடவளவை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு வழிக்கு ஏறக்குறைய இருநூற்று இருபத்தைந்து கிலோமீற்றர். காலைச் சாப்பாட்டைப் பொத்துவிலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் ஹலால் கடை தேடி அலைய வேண்டும். அறுகம்பேக்கு வந்த வெள்ளைக்காரர்கள் அலைச்சறுக்குப் பலகையைச் சுமந்துகொண்டு உற்சாகமாகத் திரிந்தார்கள். எனக்கு அப்போதே திரும்பிவிடலாம் போல இருந்தது. லாகுகலைக் காட்டு வழியில் மச்சான் கண்ணாடிக்கு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு வந்தார். ஒரு யானையும் தென்படவில்லை. மொனராகலைக்குப் பிறகு வெயில் ஏறி, வானின் ஏசியும் களைத்துப்போய், வெல்லவாயவில் கால் நீட்ட இறங்கியபோது என் இடுப்பு எனக்குச் சொந்தமில்லாதது போல இருந்தது. பதினொன்றரைக்கு உடவளவை.

அங்கே மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறார்கள். பார்வையாளர் பார்ப்பதும் அந்த நேரம் மட்டும்தான். நாங்கள் பன்னிரண்டு மணிப் பாலுக்கு நின்றோம். வேலிக்கு இப்பால் மேடை போட்டிருக்கிறார்கள், அங்கிருந்துதான் பார்க்கலாம். தொடவும் முடியாது, தீன் கொடுக்கவும் முடியாது. வாழைப்பழத்தை வாசலிலேயே தடுத்துவிட்டார்கள், அது வானுக்குத் திரும்பியது. யானைச் சவாரி, யானையோடு படம் என்று எதிர்பார்த்து வந்த ஒரு குடும்பம் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆனால் இந்தக் குட்டிகள் வளர்ந்ததும் காட்டுக்குள் விடப்படுபவை. மனிதரோடு ஒட்டிவிட்டால் பிறகு அவற்றுக்குத்தான் கேடு.

படலை திறந்ததும் ஆறேழு குட்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடிவந்தன. புனலில் பாலை ஊற்ற, அது குழாய் வழியே வாய்க்குள் போகிறது. பங்கு முடிந்ததும் போக மனமில்லாமல் இடித்துக்கொண்டு நிற்கின்றன. கந்தூரிச் சோற்றுக்கு முண்டியடிக்கும் நம் ஆட்களைக் கண்டவருக்கு இது புதிதாகத் தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. அவர் தேடியது வலது காதின் கீழோரம் கிழிந்த குட்டி; பூவலில் கிடந்தபோதே அந்த அடையாளத்தைக் கண்டுவைத்திருந்தார். முதல் கூட்டத்தில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மேடைக் கம்பிக்கு மேலால் எட்டி எட்டி ஒவ்வொரு காதாக அவர் பார்ப்பதைக் கண்டு எனக்கு வந்த அலுப்பெல்லாம் போய்விட்டது. இவ்வளவு தூரம் கூட்டிவந்து இல்லை என்ற செய்தியைக் கொடுக்கப்போகிறேனே என்று பயந்தேன்.

மூன்றாவது கூட்டத்தின் கடைசியில் அது வந்தது. மற்றவற்றைவிடச் சிறியது, காது கிழிந்தது.

“அதுதான் மச்சான். அதேதான்,” என்றார் என்னிடம் மெதுவாக.

பால் முடிந்தபின் வேலியோரம் வந்த பராமரிப்பாளர் ஒருவரை நிப்றாஸ் பிடித்துக் கதைத்தான். அம்பாறைப் பக்கக் கிணற்றுக் குட்டியா, வந்த முதல் மாதம் முழுக்க வயிற்றால் போய், பிழைக்காது என்றே நினைத்தோம், ஏனென்றும் விளங்கவில்லை என்று அவர் சொன்னாராம். அதை நிப்றாஸ் தமிழில் சொன்னதும் மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

“கஞ்சி குடுத்தத சொல்லு தம்பி. நான்தான் குடுத்த எண்டும் சொல்லு.”

நிப்றாஸ் சொன்னான். இறைச்சியையும் விடாமல் சொன்னான். பராமரிப்பாளர் மச்சான் பக்கம் திரும்பினார். அன்றைக்கே சொல்லியிருந்தால் வைத்தியருக்குப் பாதி வேலை குறைந்திருக்கும், இனி எந்தக் குட்டி விழுந்தாலும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். அவ்வளவுதான். மச்சான் அதற்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். குட்டி எங்கள் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அது நல்லதுதான், ஆனாலும் ஒருமுறை பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

மர நிழலில் பாய் விரித்து லுஹர் தொழுதோம். போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவு: சிறு பிள்ளைகளோடு ஒரே நாளில் போய்வர முயலாதீர்கள், வெல்லவாயவில் ஓர் இரவு தங்குங்கள். வான் கூலி எங்களுக்கு நாற்பத்தையாயிரம் ரூபாய். உள்நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் பெரிதாக இல்லை. பால் நேரத்துக்கு அரை மணிக்கு முன்பே போய் மேடையில் முன்வரிசையைப் பிடியுங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். பழம் கொண்டுபோகாதீர்கள். நாங்கள் கொண்டுபோனதை நாங்களே மொனராகலை வரை தின்று தீர்த்தோம்.

பொத்துவிலில் அசர் தொழுதுவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தபோது ஐந்து மணி கடந்திருந்தது. மச்சான் முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு ஒரு தெளிவு. அப்போதுதான் வட்டையில் காவலுக்கு நின்றவனிடமிருந்து போன் வந்தது. அவன் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

“காக்கா, அது வந்து நிக்கிது. தனியத்தான், பூவலடியில. வெடி போடவா?”

“போடாத,” என்றார் மச்சான். “அது நெல்லுக்கு வாறல்ல. நிண்டுட்டுப் போகட்டும்.”

போனை மேசையில் வைத்தார். தேத்தண்ணிக் கோப்பையை ஒரு பக்கம் தள்ளினார்.

“புள்ள உசிரோட கிடக்கு எண்டு நமக்குத் தெரிஞ்சிட்டு,” என்றார். “அதுக்கு ஆரு மச்சான் சொல்லுற?”

யானை நெல்லுக்குத்தான் வரும் என்று இந்த முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.