சிவப்பு டேப் ஒட்டிய மூடி

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு பத்துக்கு, அலுவலகத்தில் சாப்பாட்டைச் சூடு பண்ணும் சின்ன அறையில் நின்றுகொண்டு என் டப்பாவைத் திறந்தேன். மூடியில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தது தக்காளித் தொக்கு. குனிந்து முகர்ந்தேன். ஸ்பூனால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தேன். வெறும் தக்காளித் தொக்கு. நான் பொடித்துப் போடும் காய்ந்த இறால், சென்னாக்குன்னி, அதில் இல்லை.

போட மறந்துவிட்டேனோ என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகாலுக்கு வறுத்தேன், எட்டரைக்குப் பொடித்தேன் என்று டைரியில் எழுதியிருக்கிறேன். அப்படியென்றால் அது வேறு டப்பாவில் இருக்க வேண்டும். அந்த வாரம் தொக்கு நிரப்பியது இரண்டே டப்பாக்களில். ஒன்று என் கையில் இருந்தது. இன்னொன்று பொம்மனஹள்ளியில், என் மனைவியின் பையில்.

அவளுக்கு இறால் ஆகாது. ஆகாது என்றால் அரிப்பு, தடிப்பு என்ற அளவில் இல்லை. சில வருடங்களுக்கு முன் கோலார் தங்கவயலில் என் உறவினர் வீட்டு வரவேற்பில், காய்கறி கட்லெட் என்று நினைத்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். பத்து நிமிடத்தில் உதடு வீங்கிவிட்டது. பிறகு பேச்சு வரவில்லை. தொண்டையைக் காட்டிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்த நான்கு தடங்கள் ஒரு வாரம் இருந்தன. அடுத்த முறை இதைவிடச் சீக்கிரம் வரும் என்று டாக்டர் சொன்னார். ஊசி ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதை அவள் எப்போதும் கைப்பையில் வைத்திருக்கிறாள். அவள் வேலை செய்வது மருத்துவக் கருவிகளைப் பொருத்தும் தொழிற்சாலை. கைப்பையும் ஃபோனும் வாசலிலேயே லாக்கருக்குப் போய்விடும். சாப்பாட்டு டப்பா மட்டும் உள்ளே போகும்.

இன்னொன்றும் உண்டு. கொரோனா வந்து போனதிலிருந்து அவளுக்கு வாசனை தெரியாது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான். கெட்டுப்போன சாம்பாரைக்கூட நான்தான் முகர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே எங்கள் வீட்டு ஃப்ரீசரில் இருக்கும் ஒவ்வொரு டப்பாவிலும் என்ன இருக்கிறது என்பதற்கு நான் ஒட்டும் டேப்தான் அவளுக்கு ஒரே சாட்சி. அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்டின் டவுனில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கிறோம். அவளுடைய கம்பெனி பஸ் காலை ஏழு பத்துக்கு. நான் எட்டேகாலுக்குக் கிளம்புகிறேன். வார நாட்களில் குக்கரில் சோறு வைப்பதோடு சரி, மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை. அவள் விவேக் நகரில் கோயில் பூசைக்குப் போய்வரும் இரண்டரை மணி நேரத்தில் நான் முக்கால்வாசி முடித்துவிடுவேன். துவரம் பருப்பை வேகவைத்து நான்கு பங்காகப் பிரிப்பேன். கொண்டைக்கடலை மசாலா ஒரு டப்பா, கீரைக் கடைசல் இரண்டு. அரைத்த தேங்காயை ஐஸ் தட்டில் கட்டிகளாக உறைய வைப்பேன். அரைவேக்காட்டுச் சப்பாத்திகளுக்கு நடுவே எண்ணெய்க் காகிதம் வைப்பேன். உருளைக்கிழங்கு மட்டும் கூடாது, உறைந்து இளகினால் பஞ்சாகிவிடும். ஆறிய பிறகுதான் மூட வேண்டும். ஈரமான டப்பாவில் டேப் ஒட்டாது என்பதால் எல்லா மூடிகளிலும் சனிக்கிழமை மாலையே எழுதி ஒட்டிவிடுவேன்.

தொக்கு எனக்குப் பிடித்தது. நெல்மணி அளவுள்ள காய்ந்த இறால்தான் சென்னாக்குன்னி. தங்கவயலில் எங்கள் வீட்டில் அது இல்லாத தொக்கு தொக்கே இல்லை. கல்யாணமானதும் விட்டுவிடுகிறேன் என்றேன். "எனக்கு ஆகலன்னா நீங்க ஏன் வாயக் கட்டணும்? தனியா செஞ்சிக்கோங்க" என்றாள். எனவே தனிச் சட்டி, தனி மிக்ஸி ஜார், சிவப்பு டேப். அதுவும் அவள் வீட்டில் இல்லாத நேரத்தில்தான். அலுவலகத்தில் சிலருக்கு இறாலின் காலும் மீசையும் சோற்றில் தெரிந்தால் முகம் மாறும். அதற்காகவே மாவாகப் பொடித்துப் போடுகிறேன், வாசனை யாருக்கும் தெரியாதபடி மற்றவர்கள் வருமுன் பன்னிரண்டு பத்துக்கே சாப்பிட்டு முடிக்கிறேன். கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று நான் பட்ட சிரத்தை எவ்வளவு என்பது அந்தச் சின்ன அறையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

மூடி எப்படி மாறியது என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வேலை என்று கரன்ட்டை நிறுத்தியிருந்தார்கள். நான் ஆறரைக்கு வீடு திரும்பும்போதும் வரவில்லை. ஃப்ரீசர் எட்டரை மணி நேரம் நின்றிருக்கிறது. இளகியிருந்தால் எறிய வேண்டும், நடுவில் ஐஸ் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். எமர்ஜென்சி விளக்கை மேடையில் வைத்து, பதினான்கு டப்பாக்களையும் வரிசையாகத் திறந்தேன். ஒவ்வொன்றின் நடுவிலும் கத்தி முனையால் குத்திப் பார்த்தேன். மூடிகளை அந்தந்த டப்பாவுக்கு எதிரே வைத்திருந்தேன். பார்த்து முடிக்கும்போது கரன்ட் வந்தது. இன்னும் இளகிவிடுமே என்ற அவசரத்தில் மளமளவென்று மூடி உள்ளே தள்ளினேன். அன்றைய டைரிக் குறிப்பு இது: "14 டப்பாவும் சோதித்தாயிற்று. எல்லாம் நடுவில் கெட்டி. 7.05க்கு மூடினேன்."

யாரும் திறக்காமல் விட்டிருந்தால் அவை ஒழுங்காக இருந்திருக்கும்.

அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை பன்னிரண்டரைக்கு. என் கடிகாரத்தில் பன்னிரண்டு பதிமூன்று. அவள் ஃபோனுக்கு அடித்தேன், லாக்கருக்குள் அடிக்கும் என்று தெரிந்தே அடித்தேன். தொழிற்சாலை வாசல் எண்ணுக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. டப்பாவை அப்படியே விட்டுவிட்டுக் கீழே ஓடினேன். ரிச்மண்ட் ரோட்டில் நின்ற முதல் ஆட்டோவில் ஏறினேன்.

"பொம்மனஹள்ளி. சீக்கிரம்ப்பா."

"சில்க் போர்டு சிக்னல் தாண்டணும் சார், நம்ம கையில இல்ல" என்றார் டிரைவர். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ஆஸ்பத்திரி கேஸா?"

"தெரியல" என்றேன். அதுதான் உண்மை.

ஆடுகோடி சிக்னலில் பன்னிரண்டு இருபத்திரண்டு. வாசல் எண்ணுக்கு நான்காவது தடவை அடித்தேன். இப்போது அவள் கையைக் கழுவப் போவாள் என்று நினைத்தேன். மடிவாளாவில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றது. இப்போது சோற்று டப்பாவைத் திறப்பாள். பிறகு தொக்கு. மூடியில் வெள்ளை டேப், என் கையெழுத்தில் "தக்காளித் தொக்கு, 1 வேளை". அதைப் படித்துவிட்டு நிம்மதியாகப் பிசைவாள். என் கையெழுத்து தெளிவாக இருக்கும். அதுவே எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

பன்னிரண்டு முப்பத்திநான்குக்கு வாசல் காவலர் ஃபோனை எடுத்தார். அவள் பெயரையும் பிரிவையும் சொன்னேன்.

"ஊட்டக்கெ ஹோகிதாரெ சார்" என்றார் கன்னடத்தில். சாப்பிடப் போயிருக்கிறாள்.

சாப்பிட விடாதீர்கள், ஓடிப்போய்ச் சொல்லுங்கள், அந்த டப்பாவில் இறால் இருக்கிறது, அவள் செத்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். "ஆய்த்து சார், ஹேள்தீனி" என்று வைத்துவிட்டார். சொல்கிறேன் என்கிறாரே தவிர, இப்போதே எழுந்து போகிறாரா, இரண்டு லாரிக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறாரா? திரும்ப அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அவர் இடத்தில் இல்லை, ஆகவே போயிருக்கிறார் என்று எனக்கு நானே சொன்னேன். அல்லது டீ குடிக்கப் போயிருக்கிறார்.

சில்க் போர்டில் ஒன்பது நிமிடம் நின்றோம். ஒரு ஆம்புலன்ஸ் சைரன் கேட்டது. அது எதிர்த்திசையில், நகருக்குள் போனது. பின்னால் திரும்பி அதன் கண்ணாடியைப் பார்க்க முயன்றேன். டிரைவர் நடைபாதை ஓரமாக ஏற்றிப் போனார். என் கையில் ஸ்பூன் இன்னும் இருந்தது. எப்போது எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு வாசலில் இறங்கினேன். காவலர் கூண்டில் யாரும் இல்லை. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அலுவலகத்தில் குரல் உயர்த்தியே பழக்கமில்லாதவன் நான். இரண்டு முறை கத்தினேன்.

உள்ளே மர நிழலில் காவலர் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவள். தொப்பி போட்ட தடம் நெற்றியில். நடந்து வந்தாள். உதட்டைத்தான் முதலில் பார்த்தேன். சாதாரணமாக இருந்தது.

"ஏங்க, இன்னா இப்படி வந்து நிக்கிறீங்க? கையில இன்னா ஸ்பூனு?"

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"எதை?"

"கேன்டீன்ல புளியோகரே. உங்க டப்பாவ இல்ல. மொதல்ல உக்காருங்க, மூஞ்சி வெளுத்துப் போச்சி."

காவலரின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். காவலர் சொன்ன பிறகுதான் தொக்கை ஒதுக்கினாளா என்று கேட்டேன். இல்லை, அவர் வரும்போதே புளியோகரே பாதி முடிந்துவிட்டதாம்.

அதற்குள் இன்னொரு பெண் வந்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்கிற ஓசூர்ப் பெண், முப்பது வயது இருக்கும். "அண்ணா, தொக்கு சூப்பர்ண்ணா! வழிச்சி வழிச்சித் தின்னேன். அடுத்த வாரமும் இப்படியே மாத்தி வைங்க" என்றாள்.

"ஏய், சும்மா இருடி. அவருக்கு உயிர் போய் வந்திருக்கு" என்றாள் என் மனைவி.

"உங்களுக்குத்தானக்கா போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அந்தப் பெண் உள்ளே போன பிறகு கேட்டேன். "உனக்கு வாசனைதான் தெரியாதே, எப்படி?"

என் மனைவி கொஞ்சம் தயங்கினாள். "தினமும் அவதான் மோந்து பாத்துச் சொல்லுவா. தொறந்ததும் அவகிட்ட நீட்டுவேன். இன்னிக்கு மூடியத் தொறந்ததுமே, அக்கா இது கருவாட்டு வாசனைன்னு தள்ளி வச்சிட்டா."

"தினமுமா?"

"தினமும்தான்."

"எப்பத்தில இருந்து?"

"மூக்கு போனதில இருந்து. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல. நீங்க எழுதி எழுதி ஒட்டுறீங்க. தப்பா நெனைக்காதீங்க, உயிரு என்னோடதுங்க."

தப்பாக நினைக்கவில்லை. அந்தப் பெண் லீவு போட்டால், என்று கேட்டேன். அன்றைக்குக் கேன்டீன் என்றாள். எத்தனை நாள் டப்பா தொடப்படாமல் திரும்பி வந்திருக்கிறது, பசிக்கவில்லை என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறாள் என்று யோசித்தேன். அந்த நாட்களை என் டைரியில் "அவளுக்குப் பசியில்லை" என்று எழுதியிருக்கிறேன்.

அன்று மாலையே மிச்சமிருந்த சென்னாக்குன்னியை, அதன் சட்டி, ஜார் எல்லாவற்றோடும் வெளியே கொண்டுபோய்ப் போட்டேன். அவள் தடுக்கவில்லை. எல்லா டேப்பையும் உரித்துவிட்டு, மூடியில் ஒன்று, டப்பாவின் வயிற்றில் ஒன்று என்று ஒட்டினேன். காலையில் டப்பாவைப் பையில் வைக்குமுன் திறந்து முகர்ந்து, அவள் எதிரிலேயே ஒரு வாய் தின்றும் காட்டுகிறேன்.

அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். "சரிங்க" என்பாள். பிறகு பொம்மனஹள்ளிக்குப் போய் ஓசூர்ப் பெண்ணிடம் நீட்டுவாள். இப்போது என்னிடம் மறைப்பதில்லை, அவ்வளவுதான்.

பயம் போகவில்லை. அதற்குக் காரணம் தேடிப் பார்த்தேன். வீட்டில் இறாலே இல்லை. ஆனாலும் பன்னிரண்டரை ஆனால் என் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறேன். ஒன்று பத்துக்கு அவள் லாக்கரிலிருந்து ஃபோனை எடுத்து ஒரே ஒரு புள்ளியை அனுப்புவாள். வேறொன்றும் எழுத மாட்டாள். இன்று ஒன்று பதினான்குக்கு வந்தது. அதுவரை கையிலேயே இருந்த ஸ்பூனைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.