கொட்டகைப் பலகையில் ஒரு கமா

பக்கத்து வீட்டுப் பெண் நேற்று தன் ஆங்கிலக் கட்டுரையோடு வந்து, செமிகோலன் எங்கே போட வேண்டும் என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. திருவள்ளூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வலது சுண்டு விரலுக்கு முதலில் பழக்கிய எழுத்தே அதுதான். மாதக்கணக்கில் தட்டினேன், எதற்கு என்றுதான் யாரும் சொல்லவில்லை. கமாவையோ, கடுகு தாளிப்பதுபோல மனம் போனபடி தூவுவேன்.

சொல்லித் தந்தது ரெஜினா அக்கா. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பித் தொழிற்சாலை ஆபீசில் எனக்கு மூத்த டைப்பிஸ்ட். பொன்னேரியிலிருந்து ஒரே ரயிலில் போவோம். கமா வரும் இடத்தில் அவர் விசையை ஓங்கி அடிப்பார். தாளில் ஓட்டை விழும். வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி குத்தியதுபோல இருக்கும்.

கார்பன் தாள் வாசனையை நினைத்தால் கூடவே ஆசிட் நெடியும் வந்துவிடுகிறது. ஆபீசுக்குப் பின்னால்தான் கம்பிகளை ஆசிட்டில் கழுவும் கொட்டகை. புகை இழுக்கும் விசிறி நின்றால் உள்ளே சைரன் ஊதும். ஊதினால் என்ன செய்வது என்று ஒரு அறிவிப்பை அக்கா டைப் செய்தார்: 'வென் சைரன் சவுண்ட்ஸ் இன்சைட், மென் வெயிட் அவுட்சைட், சூப்பர்வைசர் என்ட்டர்ஸ் ஃபர்ஸ்ட்.' உள்ளே சைரன் ஊதினால் ஆட்கள் வெளியே போய் நிற்க வேண்டும். முதலில் சூப்பர்வைசர்தான் நுழைவார்.

பெயின்டர் அதைத் தகரப் பலகையில் மூன்று வரியாக எழுதினார். கமாவும் புள்ளியும் அழுக்குபோலத் தெரியும் என்று விட்டுவிட்டார். இரண்டாவது வரி 'இன்சைட் மென் வெயிட்' என்று நின்றது. மூன்றாவது வரி 'அவுட்சைட்' என்று தொடங்கியது. உள்ளே இருப்பவர்கள் காத்திருங்கள், வெளியிலிருந்து சூப்பர்வைசர் வருவார் என்று ஆகிவிட்டது. ஆபீஸ்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு பகல் வேளையில் சைரன் ஊதியது. உள்ளே கம்பி கழுவிக்கொண்டிருந்தவர்கள் தேவசகாயமும் முனுசாமியும். இருவரும் ஒரே ஊர், ஒரே வயது, மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்சு. தேவசகாயம் வெளியே வந்தான். முனுசாமியைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

மறுநாள் மேனேஜர் விசாரித்தபோது அக்காவும் நானும் அங்கே இருந்தோம். நீ மட்டும் எப்படி வெளியே வந்தாய் என்று தேவசகாயத்தைக் கேட்டார்.

"இன்சைடுக்குப் பக்கத்துல கமா இருந்திச்சு சார். கமா வந்தா ஒரு மூச்சு நிக்கணும்னு இஸ்கூல்ல சிஸ்டர் சொல்லிக்குடுத்தாங்க. நின்னு படிச்சேன், வெளிய போன்னு புரிஞ்சுது. முனுசாமி கையப் புடிச்சு இஸ்துக்கினு வரப் பாத்தேன். 'இன்னாடா ஒளர்ற, அங்க ஒண்ணியும் காணமே, வெயிட்டுன்னுதான் கீது'ன்னு கைய உதறிட்டான்."

பலகையில் கமா இல்லையே என்றார் மேனேஜர்.

அக்கா என்னை அழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். வேலை நிறுத்தியிருந்ததால் உள்ளே ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. பலகையைப் பார்த்தேன். வெள்ளைப் பெயின்ட், கறுப்பு எழுத்து, நடுவில் ஒன்றுமில்லை. அக்கா ஆசிட் தொட்டியோரம், தேவசகாயம் நின்ற இடத்தில் போய் நின்று பார்த்தார். சற்று நேரத்தில் அவர் விரல்கள் என் மணிக்கட்டைப் பற்றின. சில்லென்று இருந்தன.

"இருக்குதுடி. இப்பதான் வெச்சாப்ல ஈரமா இருக்குது," என்றார் மெதுவாக.

நானும் அதே இடத்தில் நின்றேன். எனக்குத் தெரியவில்லை. முனுசாமிக்கும் தெரியவில்லையே என்ற பயம் அன்று முழுவதும் விடவில்லை.

பெயின்டரை வரவழைத்து கமாவும் செமிகோலனும் போடச் செய்தார்கள். வேலைக்குத் திரும்பிய தேவசகாயம் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, வெகு சாதாரணமாகக் கேட்டான்:

"ஏற்கெனவே ஒண்ணு கீதே, இன்னாத்துக்கு இன்னொரு கமா?"

அக்கா வேலையை விட்டுவிட்டு, கல்யாணமாகி வடக்கே போனார். பிறகு தகவல் இல்லை. தொழிற்சாலையை மூடி, கொட்டகையைப் பிரித்து, தகரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். தேவசகாயமும் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தப் பலகையில் இருந்த கமா ஒன்றா இரண்டா என்று கேட்க, இப்போது யாருமில்லை.