உப்பு மாத்திரை

சந்திரமோகன் குடிக்க மாட்டான். இதைக் கும்மிடிப்பூண்டி முழுக்கக் கத்திச் சொல்ல நான் தயார். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் இருவருக்கும் இரும்பு மில்லில் உலைப் பக்கம் வேலை. ஒன்பது வருடத்துக்கு முன், நாங்கள் இந்த மில்லுக்கு வருவதற்கு முன்பே, அவன் எட்டு நாள் தூங்காமல் திரிந்தான். சோழவரம் ஏரியை விலைக்கு வாங்கப் போகிறேன் என்று தாலுகா ஆபீசில் போய் நின்றான். அடுத்த மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தவன் குளிக்கக்கூட எழவில்லை. சொந்தக்காரர்கள் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க இழுத்துப் போனார்கள், அறிவு கெட்டவர்கள். கடைசியில் மனநல டாக்டர்தான் இருமுனைக் கோளாறு என்று கண்டுபிடித்து லித்தியம் மாத்திரை எழுதினார். அதன் பிறகு ஒழுங்காகத் தூங்கினான், வேலைக்கு வந்தான். விஷயம் என்னைத் தவிர மில்லில் யாருக்கும் தெரியாது.

"இது ஒரு வகை உப்பு" என்று டாக்டர் சொன்னது அவன் மனைவி வினோதாவுக்கு நன்றாக நினைவிருந்தது. சாப்பாட்டில் உப்பைக் குறைக்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றது மறந்துவிட்டது. இந்தச் சித்திரையில் யாரோ அவனுக்கு பிரஷர் இருக்கிறது என்றார்கள்.

"மாத்திரையே உப்பு. கொயம்புல வேற எதுக்கு?" என்று வினோதா உப்பு டப்பாவையே எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

உடம்பில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது பார்க்கிற ரத்தப் பரிசோதனைக்கு மில்லில் அரை நாள் லீவு தரவில்லை. பாவிகள், அதுவும் நின்றுபோனது. உலைச் சூட்டில் அவனுக்கு வியர்வை கொட்டியது. உப்பில்லாத உடம்பு மருந்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது.

ஒரு நாள் காலை கேட்டில் அவன் கை உதறியது, நாக்குக் குழறியது, கால் பின்னியது. செக்யூரிட்டி அருணாச்சலம் குடிசோதனை மெஷினில் ஊதச் சொன்னான். ஜீரோ. மூன்று முறை ஊதினான், மூன்று முறையும் ஜீரோ. அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்ற நானே பார்த்தேன்.

"ஆள பாரு சார், நிக்கவே முடில. மெஷினுதான் ரிப்பேரு" என்றான் அருணாச்சலம். பக்கத்தில் நின்ற மில் ஆபீசர் 'குடிபோதையில் வந்தார்' என்று எழுதிவிட்டார்.

ஆட்டோவில் வாந்தி எடுத்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ரத்தத்தில் லித்தியம் ஏறிக் கிடந்தது. "உப்பை நிறுத்தினீங்களா?" என்று டாக்டர் கேட்டதும் வினோதா தலையில் அடித்துக்கொண்டாள். ஒன்பது நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தான். மாத்திரையின் அளவைக் குறைத்துத் திரும்பக் கொடுத்தார்கள்.

தெம்பு வந்ததும் ஆஸ்பத்திரிச் சீட்டோடு என்னையும் கூட்டிக்கொண்டு ஆபீசரிடம் போனான். 'மனநலப் பிரிவு' என்ற வார்த்தையைப் படித்ததும் அந்த ஆள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"மெண்டல் கேஸ உலைகிட்ட நிக்கவுட முடியாதுபா. வேலைய வுட்டுடு. இல்ல, குடிச்சேன்னு எழுதிக் குடு. குடிச்சவனுக்கு ஏழு நாள் சஸ்பெண்டு, அவ்ளோதான். இந்தச் சீட்ட நான் பாக்கவே இல்ல."

நோயாளிக்கு இடமில்லை, குடிகாரனுக்கு இடமுண்டு. இது என்ன கேடுகெட்ட நியாயம்!

"பென்னி, இன்னாடா பண்றது? ஊட்ல ரெண்டு பொண்ணுங்க கீதுங்க" என்றான் சந்திரமோகன் என்னிடம். நான் ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தேன். அவன் எழுதினான்: 'நான் குடித்துவிட்டு வந்தது தவறு.' சாட்சிக் கையெழுத்துக்கு ஆபீசர் பேனாவை என்னிடம் நீட்டினார்.

போட்டேன்.

இப்போது தினமும் அருணாச்சலம் அவனை மட்டும் நிறுத்தி ஊதச் சொல்கிறான். தினமும் ஜீரோ. வரிசையில் பின்னால் நான் நிற்கிறேன்.