மூன்றாம் மாடி மீன் வெடுக்கு

இரண்டு வருடத்துக்கு முன், வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கிற தொடர்மாடியில் நடந்தது இது. எழுத உட்காரும்போதே எரிச்சல் வருகிறது. யார் மேல் என்று இப்போதே சொல்லமாட்டேன். அன்றைக்கு எனக்கே அது சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

சனிக்கிழமைகளில் ஹெவ்லொக் டவுனில் ஒரு மண்டபத்தில் கதை எழுதும் வகுப்பு வைத்தார்கள். இரத்மலானையில் கந்தோர் வேலை, வீட்டில் சமையல், இரண்டு பிள்ளைகளின் பாடம் என்று ஓடிக்கொண்டிருந்த நான், எனக்கென்று ஏதாவது இருக்கட்டும் என்று சேர்ந்தேன். எங்கள் கீழ்மாடிப் பெண் ஒருவரும் சேர்ந்தார். ஒரே ஓட்டோவில் போய் வருவோம்.

மூன்றாவது வகுப்பில், படிப்பித்த சேர் ஒரு பயிற்சி தந்தார். தெரிந்த ஆள் ஒருவரை எழுத வேண்டும். ஆனால் கண்ணால் கண்டது எதுவும் வரக்கூடாது. மணம், சத்தம், தொட்டால் எப்படி, அவ்வளவுதான். "வாசிக்கிற ஆள் மூக்கைச் சுளிக்கோணும்" என்றார்.

நான் எதிர்வீட்டு அக்காவை எழுதினேன். அவர் மணி அடிக்க முதலே கதவிடுக்கால் மீன் வெடுக்கு, அந்தப் பச்சை மீன் நாற்றம், வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்று தொடங்கினேன். மூன்றாம் மாடி நடையில் ஈர ரப்பர் செருப்பு சப் சப் என்று இழுபடும். கை பட்டால் நகத்தோரம் ஒட்டிய செதில் உரசும். அவர் போய் ஒரு மணித்தியாலம் ஆனாலும் கதவுப்பிடி மணக்கும். வாசித்து முடிக்க, ஒருவர் உண்மையாகவே மூக்கைப் பொத்தினார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். சேரின் பாராட்டில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று பின்னேரம் எங்கள் தொடர்மாடி வட்ஸ்அப் குழுவில் என் குரல் கேட்டது. நான் வகுப்பில் வாசித்ததைக் கீழ்மாடிப் பெண் போனில் பதிந்து போட்டிருந்தார். கீழே, "இது ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று ஒரு வரி, நாலைந்து சிரிக்கிற முகங்கள். அந்தக் குழுவில் அக்காவும் இருக்கிறார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. லிஃப்டுக்குக் காத்திராமல் படியால் இறங்கிப்போய் அந்தப் பெண்ணின் கதவைத் தட்டினேன்.

"உங்களுக்கு வெக்கமில்லையோ? ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?"

"நான் ஒரு சொல்லும் சேர்க்கேல்லையே. நீங்கள் எழுதினது, நீங்கள் வாசிச்சது. எல்லாரும் சிரிக்கேக்க நீங்களும்தானே சிரிச்சனீங்கள்" என்றார்.

இன்னும் சத்தமாகக் கத்திவிட்டு மேலே வந்தேன்.

அதே கோபத்தோடு சமையலுக்கு மீன் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். உள்ளே அக்கா முடிச்சுப் போட்ட பைகள். குழம்புக்கு ஒன்று, பொரிக்க ஒன்று. காலையில் "மாலு, மாலு" என்று மீன்காரர் மோட்டார் சைக்கிளில் வரும்போது நான் கந்தோரில் இருப்பேன். ஐந்து வருடமாக அக்காதான் கீழே இறங்கி, அவரோடு சிங்களத்தில் சண்டை பிடித்து நல்ல மீனாக வாங்கி, வெட்டிக் கழுவித் தருகிறார். அவர் தனி ஆள். அவருக்கென்றால் கிழமை முழுதுக்கும் இரண்டு துண்டு போதும். அவர் கையில் இருந்த வெடுக்கு எங்கள் வீட்டு மீனின் வெடுக்கு. இவ்வளவு நுணுக்கமாக மணம் பிடித்த என் மூக்குக்கு அது மட்டும் தெரியாமல் போனது. என்ன மூக்கோ!

எதிர்வீட்டு மணியை அடித்தேன். அக்கா கதவைப் பாதிதான் திறந்தார்.

"அக்கா, அது உங்களை இல்லை. சும்மா கற்பனை..."

"ஓம், ஓம். கதைதானே. எனக்கென்ன கோவம்?"

ஏசியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் சிரித்ததும், தப்பினேன் என்று திரும்பி வந்துவிட்டேன். எழுதியதை விட அந்தப் பொய்தான் கேவலம்.

புதன்கிழமை கந்தோரால் வரும்போது எங்கள் கதவுப்பிடியில் ஒரு பை தொங்கியது. பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. மீனில் வெடுக்கே இல்லை, தேசிக்காய்ப் புளியின் மணம்தான் அடித்தது. அப்படியே ஓடிப்போய் மணியை அடித்தேன்.

"அக்கா, நான் பொய் சொன்னனான். அது நீங்கள்தான். என்னை மன்னியுங்கோ."

கையைப் பிடிக்கப் போனேன். அக்கா இரண்டு அடி பின்னால் போய், கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"பரவாயில்லை. தேசிக்காய் போட்டுத்தான் கழுவினனான். ஆனாலும் கிட்ட வராதேங்கோ, மணக்கும்."

அதற்குப் பிறகு நான் வகுப்புக்குப் போகவில்லை. மீன் வேண்டாம் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன்; அக்கா கேட்பதில்லை. ஆனால் முன்போல வாசலைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. இன்றைக்கும் கதவுப்பிடியில் தேசிக்காய் மணக்கும்போது கோபம் என் மேல்தான் வருகிறது, அது ஆறவே கூடாது என்றுதான் நினைக்கிறேன்.