அப்பாவின் மூளைக்கு அறுபத்து மூன்று வயது

1. ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா படியில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டுக்கொண்டார்.

2. இரண்டு நாள் தலைசுற்றல் இருந்தது. மருத்துவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்.

3. ஸ்கேன் மையத்தில் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பிறந்த தேதி: ஆதாரில் உள்ளபடி.

4. படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. செயற்கை நுண்ணறிவு மூளை அறிக்கையும் வேண்டுமா என்று கேட்டது. டிக் அடித்தேன். யாரும் வற்புறுத்தவில்லை.

5. அடிபட்ட இடத்தில் ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்று ஸ்கேன் சொன்னது.

6. கூடுதல் அறிக்கை வேறொன்று சொன்னது. பதிவு வயது ஐம்பத்தேழு, மூளை வயது அறுபத்து மூன்று, மறதி நோய் வரும் அபாயம் சராசரியைவிட அதிகம்.

7. வேலைக்குத் திரும்பும்போது அப்பா மொத்த ஃபைலையும் பள்ளி அலுவலகத்தில் கொடுத்தார்.

8. மறுநாளிலிருந்து வேன் சாவி அவரிடம் இல்லை.

இந்த எட்டில் மூன்றாவதும் நான்காவதும் நான் செய்தவை. மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். சென்னையில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்காகத் திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். உள்ளே போகும் தகவல் தப்பாக இருந்தால் வெளியே வரும் விடையும் தப்பாகத்தான் இருக்கும் என்று வாரத்துக்கு நான்கு முறையாவது யாருக்காவது மின்னஞ்சல் எழுதுகிறேன். அப்படிப்பட்ட நான், பொய் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பிறந்த தேதியை ஒரு நொடிகூட யோசிக்காமல் எழுதிக் கொடுத்தேன்.

அப்பா பிறந்தது கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஆடு ஓட்டிக்கொண்டிருந்தவரை மற்ற பிள்ளைகளைவிட ரொம்பப் பிந்தித்தான் பள்ளிக்கு அனுப்பினார்கள். சேர்த்துக்கொண்ட ஆசிரியர், ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது என்பதால் ஐந்து என்று எழுதி, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டார். அந்த வகுப்பில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். அந்தத் தேதி பள்ளிச் சான்றிதழிலிருந்து ஓட்டுநர் உரிமத்துக்கும், அங்கிருந்து ரேஷன் அட்டைக்கும் ஆதாருக்கும் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு ஜூனிலும் வங்கியிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து வரும். அம்மா அதைச் சத்தமாகப் படித்துச் சிரிப்பார். தேதி பொய் என்று தெரியுமே தவிர, எத்தனை வருடம் பொய் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. அதற்கு அவசியம் வந்ததில்லை.

அந்த மென்பொருள் செய்வது ஒரு கழித்தல் கணக்கு. ஏராளமான பேருடைய மூளைப் படங்களைப் பார்த்து, எந்த வயதில் மூளை எப்படி இருக்கும் என்று அது கற்றிருக்கிறது. புதிதாக ஒரு படத்தைக் கொடுத்தால், இது இத்தனை வயது மூளை என்று கணிக்கும். அதிலிருந்து நாம் எழுதிக் கொடுத்த வயதைக் கழிக்கும். மிச்சம் ஜாஸ்தியாக இருந்தால், மூளை வயதை மீறி முதிர்ந்திருக்கிறது, கவனம் தேவை என்று சிவப்பில் ஒரு பட்டை போடும். அப்பாவின் மிச்சம் ஆறு. பட்டை நல்ல சிவப்பு.

ஃபைலை அப்படியே கொடுத்ததற்காக அப்பாவிடம் கோபப்பட்டேன். பள்ளி கேட்டது மருத்துவரின் ஒற்றைக் கடிதம். ஆனால் இந்த ஊரில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரு தாள் கேட்பார்கள், பிறகு இன்னொன்று எங்கே என்பார்கள். முப்பது வருடமாக அப்பா அதற்குக் கண்ட வழி, இருப்பதையெல்லாம் ஒரே ஃபைலில் போட்டு மேசையில் வைத்துவிடுவது. அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. அந்த அறிக்கையை எதற்கு எல்லாவற்றுக்கும் மேலே வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"அது ஒண்ணுதாம்மா கலர்ல இருந்துச்சு. பாக்க நல்லா இருந்துச்சு, மேல வெச்சேன்."

பள்ளியில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்பவர் மரியாதையான மனிதர். என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துப் பேசினார். அப்பா இதுவரை ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவர் என்பதை அவரே சொன்னார். பெற்றோர் யாருக்காவது இந்தத் தாள் தெரிந்துவிட்டால் பள்ளி என்ன பதில் சொல்லும் என்பதுதான் அவர் கவலை. அபாயம் வேறு, நோய் வேறு என்று பத்து நிமிடம் விளக்கினேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார். முடிவில், "நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா பேப்பர்ல ஏறிடுச்சுல்ல?" என்றார். இந்த அறிக்கை தப்பு என்று ஒரு நிபுணர் எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே சாவியைத் தருவதாகவும் சொன்னார்.

அப்பாவுக்கு அந்த வேன் வெறும் வேலை மட்டும் இல்லை. ஐந்தரைக்குக் குளித்து, ஆறேகாலுக்கு முதல் நிறுத்தம். எந்தப் பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்தால் வாந்தி எடுக்கும், யாரைப் பாட்டி வந்தால் மட்டும் இறக்கிவிடலாம் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. இப்போது ஐந்தரைக்குக் குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அம்மா அவரைச் சோதிக்க ஆரம்பித்தார். தட்டு வைத்தவுடன் கேள்வி வரும்.

"நேத்து இன்னா கொழம்பு?"

"காரக்கொழம்பு."

"முந்தாநேத்து?"

"அதே காரக்கொழம்பு. மூணு நாளா சுடவெச்சு ஊத்தற. அத மறந்துட்டாதான் எனக்கு நிம்மதி."

அம்மா சிரித்தார். ஆனால் அடுத்த வேளையும் கேட்டார். கேஸ் சிலிண்டர் எப்போது பதிவு செய்தோம், என் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை பெயர் என்ன என்று கேள்விகள் நீண்டன. மூக்குக் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு அப்பா தேடினால் அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். அதே வாரத்தில் நான் என் அடையாள அட்டையை இரண்டு முறை தொலைத்தேன். அதை யாரும் எண்ணவில்லை.

வேலூரிலிருந்து வாரம் ஒரு நாள் வரும் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்கினேன். கிடைத்த நாள் பௌர்ணமி. மதியத்துக்குமேல் கிரிவலக் கூட்டத்துக்காக ஊருக்குள் பாதிச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். அப்பா பைக்கை எடுத்தார், நான் பின்னால் உட்கார்ந்தேன். செங்கம் சாலையை விட்டு விலகி, எனக்கே தெரியாத சந்துகள் வழியாகப் போனார். நான் திருப்பங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். ஆறாவது திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, சில நொடிகள் இரண்டு பக்கமும் பார்த்தார். தயங்குகிறார் என்று என் மனதில் குறித்துக்கொண்டேன். அதன் பிறகுதான் எதிரே போலீஸ் தடுப்பு வைத்திருப்பது கண்ணில் பட்டது.

அப்பா திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "நீயும் கணக்கு எடுக்கறியா?"

இல்லப்பா என்றேன். இந்த விஷயத்தில் நான் அவரிடம் சொன்ன ஒரே பொய் அது.

மருத்துவர் அப்பாவிடம் முக்கால் மணி நேரம் செலவழித்தார். மூன்று சொற்களைச் சொல்லிப் பிறகு கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழேழாகக் குறைக்கச் சொன்னார். அப்பா எல்லாவற்றையும் செய்தார். பரிசோதனையில் குறை எதுவும் இல்லை என்று மருத்துவர் கடிதம் எழுதித் தந்தார். மென்பொருள் அறிக்கை தப்பு என்றும் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். அந்த மென்பொருள் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று அவருக்குத் தெரியாது, தெரியாத ஒன்றைத் தப்பு என்று கையெழுத்துப் போட மாட்டார். அது நியாயம். நியாயமாக இருந்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்த விவகாரம் முழுக்க நான் சந்தித்த ஒவ்வொருவரும் அவரவர் இடத்திலிருந்து நியாயமாகவே பேசினார்கள்.

பள்ளி அந்தக் கடிதத்தை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டது. சாவியைத் தரவில்லை.

அப்போதுதான் மூன்றாவது வரிக்குத் திரும்பினேன். உள்ளே போன தகவல். மறுநாளே கிராமத்தில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போனேன். அப்பாவின் அக்கா. களத்தில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அத்தை அதைக் கிளறிக்கொண்டே பதில் சொன்னார்.

"எனக்குக் கல்யாணம் ஆகறப்ப உங்கப்பனுக்கு அஞ்சு வயசு. மாப்ள ஊட்டு வண்டில ஏறிக்கினு எறங்க மாட்டேனு அழுதான்."

"அப்ப உங்களுக்கு எத்தன வயசு அத்த?"

"பதினாலு."

"இப்ப?"

"அத ஆதார்லதான் பாக்கணும்."

இருவரும் சிரித்தோம். ஆனால் ஒரு வழி கிடைத்தது. கல்யாணமாகி இரண்டாவது வருடம் அத்தைக்குப் பெரிய மகன் பிறந்தான். பிரசவம் சிக்கலாகி மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால், அந்தக் குடும்பத்தில் முதல் முறையாக ஒரு பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. இரும்புப் பெட்டியிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். அந்த மகனுக்கு இப்போது ஐம்பத்தைந்து. அப்பா அவனைவிட ஏழு வயது மூத்தவர். அறுபத்திரண்டு.

பேருந்தில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கைபேசியில் மீண்டும் மீண்டும் கணக்குப் பார்த்தேன். அறுபத்து மூன்றில் அறுபத்திரண்டு போனால் ஒன்று. ஒரு வருட மிச்சத்துக்கு எந்தப் பட்டையும் சிவப்பாகாது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத அப்பாவின் வயதை, கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னது அந்த மென்பொருள்தான். தப்பான வயதை அதனிடம் கொடுத்துவிட்டு, கழித்துச் சொல் என்று கேட்டவள் நான். இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். அத்தை வேறு ஏதாவது சொல்லி ஐம்பத்தொன்பது என்று வந்திருந்தால், நான் வேறு சாட்சி தேடிப் போயிருப்பேன். எனக்குத் தேவைப்பட்ட விடை கிடைத்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அந்த மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. திருத்திய வயதுக்கு அரசு ஆவணம் ஒன்று இருந்தால் அறிக்கையை மறுபடி கணக்கிட்டுத் தருவோம், உறவினர் வாய்மொழியை ஏற்க இயலாது. அப்பாவின் பிறப்பு எங்கும் பதிவாகவில்லை. அதற்கும் வழி உண்டு. தாலுகா அலுவலகத்தில் சான்று, பிறகு நீதிமன்ற உத்தரவு, பிறகு ஆதார் திருத்தம். எல்லாம் சேர்த்து ஏழு படிகள். வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன ஆவணம் என்று குறித்து, சாயங்காலம் டீ குடிக்கும்போது அப்பாவிடம் காட்டினேன். அந்த வாரங்களில் முதல் முறையாக எனக்கு உற்சாகமாக இருந்தது.

அப்பா முழுவதையும் கேட்டார். டீயைக் குடித்து முடித்தார்.

"அப்ப எனக்கு அறுபத்திரண்டுனு பேப்பர்ல வந்துடும்."

"ஆமாப்பா. ரிப்போர்ட் சரியாயிடும்."

"அத ஸ்கூல்ல குடுக்கணும்."

"ஆமா."

"அறுபது ஆயிட்டா டிரைவருக்கு சால்வ போத்தி அனுப்பிடுவாங்க. போன வருஷம் ஒருத்தர அனுப்பினாங்க, நீ பாக்கல?"

நான் பார்த்திருந்தேன். அந்தச் சால்வை போர்த்தும் புகைப்படத்தில் அப்பாவும் நின்றார். ஏழு படிகள் எழுதிய நான் எட்டாவதை யோசிக்கவில்லை. ஐம்பத்தேழு என்றால் மூளை சரியில்லை, அறுபத்திரண்டு என்றால் வயது சரியில்லை. இதைக் கண்டுபிடிக்க, மறதி வரப்போகிறது என்று இயந்திரம் சொன்ன மனிதருக்கு ஒரு தம்ளர் டீ குடிக்கும் நேரம் போதுமானதாக இருந்தது.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அறுபதில் ஓய்வு என்று ஒரு பள்ளி வைத்திருப்பது தப்பில்லை என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. அதை அப்பாவிடம் சொல்லும் தைரியம் இல்லை. பொய்த் தேதியைக் கட்டிக்காப்பது சரியா என்று அம்மாவிடம் ஒரு முறை கேட்டேன். அந்தத் தேதியை நாங்களா எழுதினோம் என்றார். இதில் யார் பெயரையும், எந்தப் பள்ளியின் பெயரையும் நான் எழுதாததற்குக் காரணமும் அந்தப் பொய்த் தேதிதான்.

அப்பா தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "இதோட உட்டுடு. அறுபது வரைக்கும் இன்னும் மூணு வருஷம் இருக்கு. அதுக்குள்ள அவங்களுக்கே புரியும்."

புரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து, அதே மென்பொருளின் அறிக்கையைக் கொண்டுவரச் சொல்கிறது பள்ளி. அடுத்த வருடம் பதிவு வயது ஐம்பத்தெட்டாகும், மூளையும் ஒரு வருடம் கூடும், மிச்சம் அதே ஆறாகவே இருக்கும். இதையும் விளக்கி எழுதியிருக்கிறேன். கிடைத்தது, நன்றி என்று பதில் வந்தது.

இன்றைய நிலை இது. அப்பா வேன் ஓட்டி நான்கு மாதம் ஆகிறது. பள்ளி அவரை வேலையிலிருந்து நீக்கவில்லை. வண்டிகள் நிற்கும் கொட்டகையில் டீசலும் டயரும் பார்க்க வைத்திருக்கிறது. அவருடைய தடத்தில் வேறொருவர் ஓட்டுகிறார். மருத்துவரின் கடிதமும் சிவப்புப் பட்டையும் ஒரே ஃபைலில் இருக்கின்றன. பிறந்த தேதியை மாற்ற நாங்கள் விண்ணப்பிக்கவில்லை.