அருட்பிரகாசமும் ஒன்பது கிழட்டு விமானங்களும்

தண்ணீர் நிரப்பிய நீலப் பரலுக்குள் படகு எஞ்சினின் அடிப்பகுதியை இறக்கி, கயிற்றை ஒரே இழுவையாக இழுத்து, அது உறுமத் தொடங்கியதும் அருட்பிரகாசம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பார்த்துக்கொண்டு நின்றால் சத்தம் சரியாகக் கேட்காதாம். "கண்ணும் காதும் ஒண்டாய் வேலை செய்யாது தம்பி, ஒண்டு மற்றதை ஏமாத்தும்" என்பார். அந்த நேரத்தில் பள்ளிமுனைக் கரையில் இருக்கும் அவருடைய தகரக் கொட்டிலுக்குள் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. எருக்கலம்பிட்டி நௌபர், பாவம், தன்னுடைய எஞ்சின்தானே என்ற உரிமையில் ஒருமுறை "எப்பிடி அண்ணை?" என்று கேட்டுவிட்டார். அருளண்ணை எஞ்சினை நிற்பாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

வயது ஐம்பத்தெட்டு. ஒல்லி. சாரத்தை மடித்துக் கட்டினால் முழங்காலில் எண்ணெய்க் கறை தெரியும். அது எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் தொப்பி. அதன் நெற்றியில் ஒன்பது குட்டி விமானங்கள் தைத்திருக்கும். கோயிலுக்குள் போகும்போது மட்டும் அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். பள்ளிமுனையில் எவரைக் கேட்டாலும் இவரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். படகு எஞ்சின் திருத்துவதில் மன்னார்த் தீவில் இவரை மிஞ்ச ஆளில்லை. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் படகில் ஏறினால் குடல் புரண்டு சத்தி எடுப்பார்.

சத்தி எடுத்தாலும் ஏறுவார். கழற்றிப் பூட்டின எஞ்சின் முதல்முறை கடலுக்குப் போகும்போது திருத்தினவரும் கூடப் போகவேண்டும் என்பது இந்தக் கரை மெக்கானிக்குகளிடம் உள்ள முறை. மற்றவர்கள் அதைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டுவிட்டார்கள். கரையோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கிவிடுவார்கள். இவர் அப்படியில்லை. கரைப் பனைகள் கண்ணுக்கு மறையும்மட்டும் போய்த்தான் திரும்புவார். கையில் ஒரு தேசிக்காய் இருக்கும், அந்த எலுமிச்சை மணத்தை மோந்துகொண்டே இருப்பார், அப்படியும் சத்தி வரும். "உங்கட கூத்தைப் பாக்கிறதுக்கெண்டே ஆக்கள் எஞ்சினைப் பழுதாக்கினம் அண்ணை" என்று நான் ஒருநாள் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. "என்ர வேலையில எனக்கே நம்பிக்கை இல்லையெண்டால் மற்றவன் ஏன் தன்ர உயிரைக் கொண்டுபோய் அதில வைக்கவேணும்?" என்று கேட்டார்.

இவருக்கு ஒரே மகள், றஞ்சிதா. கலியாணம் முடித்து ஒரு குளிர் நாட்டுக்குப் போனவள். நாட்டின் பெயரை எழுதவேண்டாம், பிள்ளையின் வேலைக்கு ஏதும் வந்துவிடும் என்று அருளண்ணை கையைப் பிடித்துக் கேட்டார். எழுதவில்லை. அங்கே படித்து, அந்த நாட்டு விமானப் படையில் எஞ்சின் திருத்துகிறாள். சண்டைக்குப் போகிற விமானங்கள் இல்லை; சனங்களுக்கு வித்தை காட்டுகிற அணி. ஒன்பது ஜெட் விமானங்கள் செட்டையோடு செட்டை முட்டுமாப்போல நெருங்கிப் பறந்து, தலைகீழாகப் புரண்டு, வெள்ளைப் புகையால் வானத்தில் கோலம் போடும். கீழே சனம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். தொப்பியில் இருப்பவை அவைதான்.

சிக்கல் என்னவென்றால், அந்த விமானங்களுக்கு அறுபது வயது. "எனக்கு மூத்ததுகள் தம்பி" என்று அருளண்ணை என்னிடம் முதலில் சொன்னபோது பெருமையாகத்தான் சொன்னார் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையும் இருந்ததுதான். அந்தக் கிழடுகளை ஓட வைப்பது அவருடைய பிள்ளை அல்லவா. ஆனால் அடுத்த வார்த்தையிலேயே குரல் இறங்கிவிட்டது. "என்ர அண்ணன்மாருக்குள்ள என்ர பிள்ளை குந்திக்கொண்டு போறாள்."

ஒவ்வொரு விமானத்திலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கைகள். வித்தை காட்டும்போது விமானி தனியே. ஆனால் காட்சிக்காக ஊர் விட்டு ஊர் போகும்போது, எந்த விமானத்தை எவர் திருத்துகிறாரோ அவர் அதே விமானத்தில் விமானிக்குப் பக்கத்தில் இருந்து போகவேண்டும். அது அந்த அணியின் வழக்கம். வேலை கிடைத்த புதிதில் றஞ்சிதா போனில் குதூகலமாகச் சொன்னாளாம், "அப்பா, இஞ்சயும் உங்கட சட்டம்தான்" என்று. தகப்பன் என்னத்தைச் சொல்வார்? ஏறாதே என்று சொல்ல வாய் வருமா? "என்ர வாயாலயே என்னைக் கட்டிப்போட்டாள்" என்றார் என்னிடம்.

ஜெட் சத்தம் இந்த வீட்டுக்குப் புதிதில்லை. மனைவி பெற்றிசியாவின் ஊர் விடத்தல்தீவு. சண்டைக் காலத்தில் இவர்கள் அங்கேதான் இருந்தார்கள். குண்டு போடுகிற கிபிர் விமானம் வருகிறது என்றால் பிள்ளையை நிலத்தில் வெட்டின பங்கருக்குள் தள்ளி, மேலே படுத்துக்கொள்வார் பெற்றிசியா. எல்லாப் பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொண்டு அழ, இவள் மட்டும் "அப்பா, அதுக்கு ஒரு எஞ்சினோ ரெண்டு எஞ்சினோ?" என்று கேட்டாளாம். பெற்றிசியா இன்றைக்கும் அதைச் சொல்லும்போது தலையில் கை வைத்துக்கொள்கிறார். "அண்டைக்கே விளங்கியிருக்கவேணும், இது உருப்படாது எண்டு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்கிறார்.

போன ஆடி மாதம் அந்த அணியின் ஒரு விமானம் மேலே கிளம்பும்போதே எஞ்சின் நின்றுபோனது. கெட்டிக்கார விமானி, பக்கத்துப் புல்வெளியில் இறக்கிவிட்டார். ஒருவருக்கும் காயமில்லை. றஞ்சிதாவின் விமானமும் இல்லை. அவளே போன் எடுத்து, மற்றவர்கள் சொல்லிக் கேள்விப்படக் கூடாது என்று, "ஒரு எஞ்சின் நிண்டுட்டுது அப்பா, எல்லாரும் சுகம்" என்று ஆறுதலாகச் சொன்னாள்.

அந்தக் கிழமை நௌபரின் எஞ்சினைத் திருத்தி முதல் ஓட்டம் போனார்கள். பனைகள் மறைகிற தூரத்தில் எஞ்சின் செருமிச் செருமி நின்றுவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தால் பெற்றோல் குழாயின் இறுக்கியைப் பூட்டவே இல்லை. அருளண்ணையின் கை செய்த பிழை. இத்தனை வருசத்தில் இப்படி நடந்ததில்லை என்று நௌபரே சொன்னார். நங்கூரத்தைப் போட்டு, இருந்து, ஆறுதலாகப் பூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். நௌபர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "மனிசன்தானே அண்ணை, விடுங்கோ" என்றார்.

அருளண்ணையால் விட முடியவில்லை. கரையில் கவிழ்த்துக் கிடந்த வள்ளத்தில் இருந்துகொண்டு, நான் கேட்காமலே சொன்னார். "பழசு எண்டு எனக்குப் பயமில்லை தம்பி. ஒழுங்காப் பாத்தால் பழசு ஓடும். ஆனா பாக்கிற கைக்கு ஒருநாளைக்குப் பிழைக்கும். எனக்குப் பிழைச்சுது, நங்கூரத்தைப் போட்டன், பூட்டினன், வந்திட்டன். அவளுக்குப் பிழைச்சால் மேல எங்க போடுறது நங்கூரத்தை?"

ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழா. புருசனும் மனைவியும் வழமைபோலப் போனார்கள். அதற்கு முதல் றஞ்சிதா தாயிடம் ஒரு அலுவல் சொல்லியிருந்தாள். அந்தப் பழைய விமானங்களை இன்னும் சில வருசம் ஓட்டுவதா, இந்த வருசத்தோடு நிற்பாட்டுவதா என்று அங்கே பெரிய வாக்குவாதம். புது விமானங்கள் வரக் கனகாலம் எடுக்கும். நிற்பாட்டினால் அணி கலைந்துபோகும். "நிப்பாட்டக் கூடாதெண்டு மாதாவிட்டக் கேளுங்கோ அம்மா." பிள்ளை கேட்டால் தாய் மறுப்பாரா? பெற்றிசியா முழந்தாளில் நின்று, மெழுகுதிரி கொளுத்தி, நேர்த்தி வைத்தார். கோயிலின் மற்றப் பக்கத்தில் அருளண்ணையும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். ஒருவருக்கும் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் பெற்றிசியா தன் நேர்த்தியைச் சொல்லிவிட்டு, "நீங்கள் என்ன கேட்டனியள்?" என்றார். முருங்கன் ஊர் தாண்டும்வரை மனிதர் யன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே வந்தாராம். பிறகுதான் சொன்னார், "அதுகளை நிப்பாட்டிவிடு தாயே எண்டு கேட்டனான்." வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் பெற்றிசியா சொன்னது இவ்வளவுதான்: "ஒரு வீட்டிலயிருந்து ரெண்டு வழக்கு. மாதா பாவம்."

புரட்டாதியில் முடிவு வந்தது. இந்தப் பருவத்தின் கடைசிக் காட்சியோடு பழைய விமானங்கள் நிறுத்தம். புது விமானங்கள் வந்து, விமானிகள் பழகி, அணி மறுபடி எழும்பும்வரை வானத்தில் ஒன்றுமில்லை. எழும்புமோ என்பதும் அவ்வளவு நிச்சயமில்லை. றஞ்சிதா போனில் விக்கி விக்கி அழுதாள். அந்த நாட்டில் கிழவர்களும் பிள்ளைகளும் அழுகிற வீடியோக்களை எனக்கும் காட்டினார்கள். அருளண்ணை "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் நேரே கரைக்குப் போனார். "பிள்ளை அழுதுகொண்டு போனை வைக்குது, இந்த மனுசன் பெரிய பாரை மீனொண்டைத் தூக்கிக்கொண்டு வருது" என்று பெற்றிசியா என்னிடம் முறையிட்டார். காய்ச்சிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். "பின்ன? மூண்டுதரம் சோறு போட்டுச் சாப்பிட்டவர்" என்றார். பெற்றிசியாவின் முகத்திலும் பெரிய கவலை ஒன்றையும் நான் காணவில்லை.

என்னிடம் வந்து, "நெஞ்சுப் பாரம் இறங்கிட்டுது தம்பி. பிள்ளை அழ நான் நிம்மதியா இருக்கிறன், இது பாவமோ தெரியாது" என்றார் அருளண்ணை. பாவமென்றால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கட்டும் என்றேன். ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது. கடைசிக் காட்சி முடிந்து ஒன்பது விமானங்களும் தங்கள் தளத்துக்குத் திரும்பவேண்டும். றஞ்சிதாவும் ஏறித்தான் வரவேண்டும். "இனி ஒண்டுமில்லைத்தானே எண்டு நினைக்கிற ஓட்டத்திலதான் கை அசட்டையாப் போகும்" என்றார். அந்த நாட்களில் அவர் எந்த எஞ்சினையும் கழற்றவில்லை. கேட்டு வந்தவர்களை அடுத்த கிழமை வரச் சொன்னார்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம், மழை விட்டிருந்தது. கொட்டிலுக்குள் அருளண்ணை, பெற்றிசியா, நௌபர், நான். அங்கே அப்போது பகல், விமானங்கள் தளத்துக்குத் திரும்புகிற நேரம். போன் கதிரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பெற்றிசியாவின் விரல்கள் செபமாலையில் ஓடிக்கொண்டிருந்தன. நௌபர் தன் போனை எடுத்து நேரம் பார்ப்பதும் சட்டைப் பைக்குள் வைப்பதுமாக இருந்தார்.

மணி அடித்தது. பெற்றிசியாதான் போனை அழுத்தினார். றஞ்சிதாவின் முகம். தலைக்கவசம் கக்கத்தில், கண் இரண்டும் சிவந்து வீங்கி. பின்னால் சிவப்பு விமானங்கள் வரிசையாக நின்றன.

"இறங்கிட்டம் அப்பா. முடிஞ்சுது."

பெற்றிசியா சிலுவை போட்டுக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் நௌபர்.

"மடுவில நடந்ததை அம்மா சொன்னவ" என்றாள் றஞ்சிதா. "உங்களுக்கு இப்ப சந்தோஷம்தானே?"

பெற்றிசியா நிலத்தைப் பார்த்தார். எனக்கு எழும்பிப் போய்விடலாமோ என்று இருந்தது.

"சந்தோஷமில்லைப் பிள்ளை" என்றார் அருளண்ணை. "நீ ஆசைப்பட்டுச் செய்த வேலை. அது போனது எனக்குக் கவலைதான். ஆனா நிம்மதி. உனக்கு நான் பொய் சொல்லேலாது."

அவள் கையுறையின் பின்புறத்தால் மூக்கைத் துடைத்தாள்.

"கோவமில்லை அப்பா" என்றாள். "நானும் ஒவ்வொரு முறையும் பயந்து பயந்துதான் ஏறினனான். நீங்கள் சத்தி எடுத்துக்கொண்டு ஏறுவியள்தானே, அதை நினைச்சுக்கொண்டு ஏறுவன். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது?" பிறகு, தன்னைப் பாரம் ஏற்றுகிற பெரிய விமானங்களின் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள் என்றும், அதில் கீழே நின்று திருத்துவது மட்டும்தான், ஏறத் தேவையில்லை என்றும் சொன்னாள்.

அருளண்ணை போனுக்குக் கிட்டக் குனிந்தார். "இப்ப எங்க நிக்கிறாய்?"

"விமானத்துக்குப் பக்கத்திலதான்."

"காலைக் காட்டு."

"ஏன் அப்பா?"

"காட்டு பிள்ளை."

அவள் அழுகையோடு சிரித்துக்கொண்டு போனைக் கீழே திருப்பினாள். கறுப்புச் சப்பாத்துகள் இரண்டு, ஈரமான சீமெந்துத் தரையில், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. அருளண்ணை போனைக் கதிரையிலிருந்து எடுத்து முகத்துக்குக் கிட்டப் பிடித்து, கனநேரம் பார்த்தார். பிறகு கோயிலில் மாதா சுரூபத்தின் பாதத்தைத் தொடுவதுபோல, திரையில் அந்தச் சப்பாத்துகளை மெல்லத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தமிட்டார்.